டெஸ்ஸின் சேகண்டியும் என் கடைசி பஸ்ஸும்

1971 பிப்ரவரி 7, ஞாயிறு

மதியம் அப்பா வீட்டில் சாப்பாடு. மாட்டிறைச்சி ரோஸ்ட், உருளைக்கிழங்கு, வெந்து வெந்து நிறமே போய்விட்ட முட்டைக்கோஸ். அப்பா இன்று என்னிடம் பேசியது: "உப்பு." போன ஞாயிறு "கதவைச் சாத்து" என்றார். அதில் இரண்டு சொல்லாவது இருந்தது. தேய்ந்துகொண்டு வருகிறோம்.

போன நவம்பரில் அம்மா இறந்ததிலிருந்து இதே கதைதான். ஞாயிறு தவறாமல் நான் போகிறேன், அவர் தவறாமல் சமைக்கிறார். இரண்டு பேரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுகிறோம். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறி டிப்டனில் என் அறைக்கு வந்துவிடுகிறேன்.

அம்மா இறந்த அன்று ராத்திரி நானும் என் ராக் குழுவும் உல்வர்ஹாம்ப்டனில் ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தோம். பாட்டுக்கு நடுவில் கிளப்காரன் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்து வீட்டிலிருந்து போன், அம்மாவுக்கு மோசம், உடனே டட்லி ஆஸ்பத்திரிக்கு வரவும். சீட்டை எங்கள் பாடகன் டெஸ்ஸைப் பார்த்து ஆட்டினேன். பார்த்தான். பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, "இன்னும் வேணுமா?" என்று கத்தினான். அவர்களுக்கு வேண்டுமாம். எழுந்து ஓடலாம் என்றால், என்னை எப்போதும் மூலையில்தான் வைப்பார்கள், கிட்டார்காரன் ராய்ஸ்டனின் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால். அவற்றை நகர்த்தாமல் ஒரு எலிகூட வெளியே வர முடியாது. கத்தினேன். ராய்ஸ்டன் கிட்டார் வாசிக்கும்போது இடி விழுந்தாலே கேட்காது, என் குரலா கேட்கும்?

வெளியே வந்தபோது கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் போனான்.

நடந்து போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் வேறு விரிப்புப் போட்டிருந்தார்கள். நடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் போட்டிருந்த மேடை உடுப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆட்டம் முடிஞ்சுதா?" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி. கேட்காதவரிடம் எதைப் போய்ச் சொல்வது? நானாகச் சொன்னால் சாக்கு மாதிரிதான் கேட்கும்.

பிப்ரவரி 11, வியாழன்

மதுக்கடை மாடியில் ஒத்திகை. எங்கள் குழுவுக்குப் பெயர் 'கருங்கோட்டை'. டெஸ் வைத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பது ஒரே கோட்டை, டட்லியில். அதற்குள் மிருகக்காட்சிசாலை வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் பொருத்தம்தான்.

முழுப் பெயர் டெஸ்மண்ட் பார்ஜெட்டர். பாடுவான். அவன் அம்மா திரைச்சீலையில் தைத்துக் கொடுத்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடுவான். ராய்ஸ்டன் கிட்டார். யாரும் கேட்காவிட்டாலும் வாசிப்பான். வில்ஃப் டிரம்ஸ். இந்த மூவரில் மனிதன் என்று சொல்லத்தக்கவன். நான் ஆர்கன். பாஸ் கிட்டார் வாசிக்கத் தனியாக ஆள் கிடையாது, அதையும் நானே காலால் மிதிக்கிறேன். இரண்டு ஆள் வேலை, ஒரு மூலை.

இன்று என் பாட்டை வாசித்துக் காட்டினேன். 'கடைசி பஸ்'. நாலே சுரக்கூட்டு, மெதுவான நடை. "நிறுத்து டிரைவர், ஓடி வருவது நான்தான். கண்ணாடியில் பார்த்தாயே, பார்த்துவிட்டுப் போகாதே." அவ்வளவுதான் பல்லவி. வில்ஃபுக்கு விஷயம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான்.

டெஸ் சொன்னது: "பஸ்ஸா? ராக் பாட்டுல பஸ்ஸா? கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறதும் வருமா நோரீன்?"

ராய்ஸ்டன் சொன்னது: "என் சோலோ எங்க வரும்?"

பிப்ரவரி 15, திங்கள்

டெஸ் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்திருக்கிறான். கடவுளே.

பிப்ரவரி 18, வியாழன்

நினைத்தது நடந்துவிட்டது. புத்தகம் கிரேக்கப் புராணம். மெட்டு அப்படியே இருக்கலாமாம், சொற்கள் மட்டும் மாற வேண்டுமாம். பஸ் போய்ப் படகு வந்தாயிற்று. டிரைவர் போய் எமலோகத்து ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டி வந்தாயிற்று. "படகோட்டியே, இருளின் மைந்தனே." மைந்தனாம்! நீச்சல் குளத்தைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைக்காதவன்.

"இது எங்க அம்மாவைப் பத்தின பாட்டு" என்றேன்.

"இதுவும் சாவைப் பத்திதானே? இன்னும் பெரிசா இருக்கு, அவ்ளோதான்" என்றான்.

இவனுக்கு என்ன பதில் சொல்வது? சொன்னேன். எழுதத் தகுந்த பதில் இல்லை.

வில்ஃப் வழியில் வண்டியில் சொன்னான்: "விடு தாயே. அவன் என்னத்தைப் பாடினாலும் நான் பஸ்ஸைத்தான் தட்டுவேன்."

மார்ச் 3, புதன்

ரெக்கார்டு கம்பெனி ஒருவழியாக எங்களைக் கவனித்திருக்கிறது. லண்டனிலிருந்து பெரெக்ரின் என்று ஒருவர் வந்தார், தயாரிப்பாளர். மூக்கால் பேசுகிறார், வெல்வெட் கால்சட்டை, கையில் சொந்த டீத்தூள். எல்லாப் பாட்டையும் கேட்டுவிட்டு, "அந்த மெதுவான பாட்டு. அதை மட்டும் பதிவு பண்ணுவோம். மத்ததெல்லாம் வேற யாராவது ஏற்கெனவே பண்ணிட்டாங்க டியர்" என்றார்.

ராய்ஸ்டன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஒன்றுக்காகவே பெரெக்ரினின் மூக்கை மன்னிக்கிறேன்.

ஆனால் அவர் கேட்டது படகுப் பாட்டு. அப்பா வானொலியில் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்? மகள் அம்மாவை மறந்துவிட்டு லண்டன் போய்ப் படகு விட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பல்லவி உள்ளபடி அவர் காதில் ஒரு தடவை விழ வேண்டும். அதற்குமேல் அவர் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.

இல்லை, பேசாவிட்டால் சரியில்லை. பேசத்தான் வேண்டும்.

மார்ச் 15, திங்கள், லண்டன்

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பழைய பிஸ்கட் கிடங்கு. ஒரு பெரிய அறை, மூலையில் பாடுவதற்கென்று கதவு போட்ட சின்ன அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரெக்ரினும் எட்டு வரிசையாக ஒலி பதியும் டேப் மெஷினும்.

மதியம் டெஸ்ஸின் சேகண்டி வந்து இறங்கியது. கையில் பிடிக்கிற சின்னது இல்லை, தொங்கவிட்டு அடிக்கிற வெண்கலத் தட்டு, வண்டிச் சக்கரம் அளவு. பாட்டு முடியும்போது ஒரே ஒரு அடி அடிக்க வேண்டுமாம், எமலோகக் கதவு சாத்துகிற ஓசையாம். இரண்டு ஆள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். வைத்ததும் தொல்லை ஆரம்பம். வில்ஃப் டிரம்மைத் தட்டினால் யாரும் தொடாமலே அது 'ம்ம்ம்' என்று முனகுகிறது.

"வெளியே நடையில் வைக்கலாம்" என்றார் பெரெக்ரின்.

டெஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "கூடத்தோட அதிர்வை அது உள்வாங்கணும்."

கடைசியில் பாடும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அந்த அறையில் இனி சேகண்டியைத் தவிர வேறு யாரும் நிற்க முடியாது. நான் சிரித்தேன். டெஸ் முறைத்தான்.

மார்ச் 17, புதன்

முதலில் வாத்தியங்களை மட்டும் பதிவு செய்வார்கள். டெஸ்ஸின் குரல் நாளைதான். ஆனால் பாட்டு எங்கே போகிறது என்று வாசிப்பவர்களுக்குத் தெரிய யாராவது டிராக் பாட வேண்டும். அதைப் பிறகு அழித்துவிடுவார்கள். டெஸ் பாட மாட்டானாம், தொண்டையைப் பாதுகாக்கிறானாம். எதிர்த்தெரு மதுக்கடையில் உட்கார்ந்து பாதுகாத்துக்கொண்டிருந்தான்.

"நோரீன், நீங்களே பாடிடுங்க டியர்" என்றார் பெரெக்ரின். அதற்குத்தான் அந்தச் சின்ன அறை. டிராக் பாடுகிறவர் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டால் குரல் மற்ற மைக்குகளுக்குப் போகாது. உள்ளேயோ சேகண்டி மகாராஜா. "சரி, அங்கேயே ஆர்கன் பக்கத்துலயே பாடுங்க. அழிக்கப் போறதுதானே?"

பக்கத்தில் வில்ஃபின் டிரம்ஸ். அதை மீறிக் கேட்க வேண்டுமென்றால் வாய்விட்டுப் பாட வேண்டும். பாடினேன். எந்தச் சொல்லைப் பாட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. படகை நான் ஏன் பாட வேண்டும்? பஸ்ஸைப் பாடினேன்.

ஒரு தடவை, இரண்டு தடவை, சுமார். அடுத்த தடவை என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வில்ஃப் ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் தயங்கித் தயங்கி வைத்தான், யாரோ வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல. ராய்ஸ்டன்கூட குறைவாக வாசித்தான்! நான் பாடவில்லை, கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். நவம்பரில் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிக் கத்தியது அப்படியே வந்தது.

முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரெக்ரின் டேப்பை நிறுத்தினார். பிறகு, "இதுதான். இனிமே யாரும் எதையும் தொடாதீங்க" என்றார்.

வில்ஃப் தன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வை என்றான்.

மார்ச் 18, வியாழன்

எத்தனை நாளாயிற்று நான் இப்படிச் சிரித்து!

காலையில் டெஸ் போர்வையோடு வந்தான். ஒலிப்பதிவுக்குப் போர்வை எதற்கு என்று கேட்கக் கூடாது. பெரெக்ரின் என் குரல் இருந்த வரிசையை அழித்தார். டேப்பை ஓட்டினார். டெஸ் வாயைத் திறந்து "படகோட்டியே" என்றான். பின்னாலிருந்து "டிரைவர்" என்று கேட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோபாவில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

"அவளை அழிங்கன்னு சொன்னேனே!" என்றான் டெஸ்.

"அழிச்சாச்சு" என்றார் பெரெக்ரின். "அழிச்சும் இருக்காங்க."

டிரம்ஸுக்கு மேலே தொங்கிய மைக்குகள் என் குரலையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. எனக்கென்று இருந்த வரிசையை அழிக்கலாம். டிரம்ஸை அழித்தால் பாட்டே இல்லை. தூரத்தில், ஒரு தெரு தள்ளி நின்று யாரோ கத்துவதுபோல நான் இருக்கிறேன், ஒவ்வொரு வரியிலும்.

மறுபடி வாசித்துப் பார்த்தார்கள். மதியம் முழுதும். வில்ஃப் சரியாகத்தான் தட்டினான், கணக்குப் பிசகாமல். பாட்டு பிணமாகக் கிடந்தது. "நேத்து மாதிரி வாசி" என்று டெஸ் கத்தினான். "நேத்து அவ பாடினா, அதனால அப்படி வாசிச்சேன். நீ பாடேன், பாப்போம்" என்றான் வில்ஃப். டெஸ் பாடினான். இன்னும் மோசம்.

சேகண்டி இல்லையென்றால் நான் அந்த அறைக்குள் இருந்திருப்பேன். ஒரேயடியாக அழிந்திருப்பேன். டெஸ், உன் திருவாயால் கேட்டு வாங்கிக்கொண்டாய்.

மார்ச் 19, வெள்ளி

பெரெக்ரின் சொந்த டீத்தூளில் எல்லோருக்கும் டீ போட்டார். அப்போதே தெரிந்தது, விஷயம் பெரிசு என்று.

"டெஸ்மண்ட், இப்ப ஒரே ரோட்டுல பஸ்ஸும் படகும் போகுது. கேக்கிறவனுக்குத் தலை சுத்தும். நோரீனை எடுக்க முடியாது. அதனால படகு நிக்கணும்."

"என்னால பஸ்ஸைப் பத்திப் பாட முடியாது. என் பேரு என்ன ஆகும்?"

"அப்ப பாட்டு வேணாம். ஊருக்குப் போங்க."

டெஸ் கதவை அறைந்துகொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் வந்தான், போர்வை இல்லாமல். என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "யாரு அந்த டிரைவர்?" என்றான்.

சொன்னேன். எதையும் மிச்சம் வைக்கவில்லை. "சீட்டை ஆட்டினேன். நீ பாத்தே. பாத்துட்டுக் கையைத் தூக்கினே."

அவன் முகம் போன போக்கு! "யாரோ விருப்பப் பாட்டுக் கேட்டு எழுதி அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சேன் நோரீன். சத்தியமா. எப்பவும் அப்படித்தானே சீட்டு வரும்?"

ஆமாம், அப்படித்தான் வரும். ஆனால் நான்கு மாதமாக ஏன் யாரும் இவனிடம் சொல்லவில்லை? ஏனென்றால் இவன் கேட்கவில்லை. நான் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த வாரம், "அடுத்த சனிக்கிழமை வருவேல்ல?" என்று கேட்டவன்தானே? மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன்: மன்னிக்கவில்லை.

பாடினான். "கண்ணாடியில் பார்த்தாயே" வரும் இடத்தில் குரலை நெளித்தான். நெளிக்காதே என்றேன். மறுபடி நெளித்தான். மறுபடி பாட வைத்தேன். விளக்கு வைக்கும் நேரம்வரை விடவில்லை. கடைசியில் ஒரு தடவை நேராகப் பாடினான். முன்னால் அவன், பின்னால் தூரத்தில் நான்.

நன்றாகப் பாடினான். அதுதான் எரிச்சல்.

பிறகு அந்தச் சேகண்டி. டெஸ் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தான். சமையலறையில் குண்டான் மூடி விழுந்ததுபோல இருந்தது. பெரெக்ரின் அந்த இடத்தில் டேப்பைக் கத்தரியால் வெட்டி, கீழே குப்பைக்கூடையில் போட்டார்.

ஏப்ரல் 4, ஞாயிறு

அப்பா: "வாரநாள்ல உன் வீட்டுக் கதவு பூட்டிக் கெடந்துச்சுன்னாங்க."

நான்: "லண்டன் போயிருந்தேன்."

அப்பா: "ம்."

கேள்வியில்லை. ஆனால் யாரையோ விசாரித்திருக்கிறார்.

ஜூன் 11, வெள்ளி

ரெக்கார்டு வெளிவந்துவிட்டது. கூடவே டெஸ்ஸின் பேட்டியும். வெல்ஷ் மலையொன்றின் உச்சியில், மூடுபனிக்குள், இந்தப் பாட்டு அவனுக்குத் 'தோன்றியதாம்'. பஸ் என்பது பஸ் இல்லையாம், ஆன்மாவைச் சுமக்கும் படகாம். போய்ச் சேர்ந்தான் அங்கேயே! பின்னால் கேட்கும் குரல் யாருடையது என்று பத்திரிகைக்காரன் கேட்டதற்கு, "சில விஷயங்களை விளக்க முடியாது" என்றானாம். பத்திரிகைக்காரன் 'ஆவியின் குரல்' என்று தலைப்பே போட்டுவிட்டான்.

அந்த ஆவி இன்று சலவைக்கடையில் டெஸ்ஸின் மேடைச் சட்டைகளோடு தன் பாவாடையும் சாயம் ஒட்டி நாசமானதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது.

மார்ச்சில் அவன் முகம் வெளுத்ததெல்லாம் எங்கே போயிற்று? அதுவும் மலையேறிவிட்டது போல.

வில்ஃப்: "நீ ஆவியாமே தாயே. எங்க, ஒரு டீ போட்டுக் குடு பாக்கலாம்."

ஜூலை 3, சனி

பர்மிங்ஹாமில் கச்சேரி. நின்றுகொண்டு கேட்கவே இடமில்லை. 'கடைசி பஸ்' ஆரம்பித்ததும் டெஸ் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான், தன் வரியைத் திருப்பிப் பாடுவார்கள் என்று. அவர்கள் என் வரியைப் பாடினார்கள், தூரத்திலிருந்து வருகிற கத்தலை. அறை முழுதும். டெஸ் மைக்கை நீட்டியபடியே நின்றான், அசடு வழிய.

இத்தனை பேருக்குக் கேட்கிறது. கேட்க வேண்டிய ஒருத்தருக்கு மட்டும் கேட்கவில்லை. ராக் வந்தாலே வானொலியை அணைக்கிற மனிதர். போய் ரெக்கார்டைக் கையில் கொடுக்கலாம். கொடுத்தால்? 'பாத்தியா, சாவை வெச்சுக் காசு பாக்குறா' என்று நினைத்துவிட்டால்? கொடுக்க மாட்டேன். எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூலை 11, ஞாயிறு

மதியச் சாப்பாடு. வானொலியில் விருப்பப் பாடல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் இருக்கும் ஒரு சிப்பாய்க்கு அவன் மனைவி கேட்ட பாட்டு என்றார்கள். வில்ஃபின் முதல் அடி விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

டிரம்ஸ் கேட்டதும் வழக்கம்போல அப்பா எழுந்து வானொலிப் பக்கம் போனார். திருகில் கை வைத்தார். டெஸ் பாட ஆரம்பித்தான். அணைக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அணைக்கவில்லை. பார்த்தேன். திருகில் வைத்த கை வைத்தபடியே, காதை வானொலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். சங்கிலிப் பட்டறையில் பாதி காது போய்விட்டது அவருக்கு. அந்தப் பாதிக் காதிலும் பின்னால் இருக்கிற என்னைக் கண்டுபிடித்துவிட்டார். டெஸ்ஸை அவர் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசினார். அப்பா அப்போதுதான் அணைத்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்த டிரைவர் உன்னைப் பாத்தானா?"

"பாத்தான்பா."

"கண்ணாடியிலயா?"

"ஆமா."

"நீ ஓடிட்டு இருந்தே."

"கத்திக்கிட்டே ஓடினேன்."

வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் மேசைமேல் கிடந்தன. "அப்புறம் டட்லிக்கு எப்படி வந்தே நோரி?"

நோரி! நவம்பருக்குப் பிறகு முதல் தடவை.

"நடந்துதான்."

"அந்தக் குளிர்லயா? அந்தச் செருப்போடயா?"

செருப்பைப் பார்த்திருக்கிறார். அன்று பார்த்திருக்கிறார்! அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதேன். அவர் அழுதார். குழம்பு ஆறி ஆடை கட்டியது. "நான் கேட்டிருக்கணும்மா. கேக்காம போயிட்டேன்" என்றார். தலையை ஆட்டினேன்.

பிறகு திட்ட ஆரம்பித்தார் பாருங்கள். அந்த டிரைவரை, அவன் பரம்பரையை, பஸ் கம்பெனியை, நேர அட்டவணை போட்டவனை. எட்டு மாதத்துக்குச் சேர்த்து வைத்த பேச்சு. நான் யாரிடமிருந்து இந்த வாயை வாங்கி வந்தேன் என்று இன்று புரிந்தது. சாயங்காலம்வரை சொர்க்கம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பஸ் வந்து நின்றதும் ரோட்டில் இறங்கி அதற்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினார்.

"என் பொண்ணு ஏறி உக்கார்ற வரைக்கும் நகரக் கூடாது, சொல்லிட்டேன்."

"நகரலை பெரியவரே, நகரலை" என்றான் டிரைவர், ஒன்றும் புரியாமல்.

ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக நான் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அப்பா கையை இறக்கினார்.